வேலை செஞ்சதுக்கு கிடைச்ச 17பி: ஆபீஸ் பாலிடிக்ஸ்ல நான் பட்டதும் கத்துக்கிட்டதும்

2022ல எனக்கு 17பி சார்ஜ் மெமோ வந்துச்சு, அதாவது வேலையே போற அளவு தண்டனைக்கு வழி இருக்கிற குற்றச்சாட்டுக் குறிப்பு. அதுல இருந்து வெளிய வர்றதுக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு மேல ஓடிடுச்சு, ப்ரமோஷன் தள்ளிப் போச்சு, கைக்காசு 60,000 ரூபாய்க்கு மேல கரைஞ்சுது, தூக்கம் போச்சு, சுகர் வந்து உக்காந்துச்சு. இதையெல்லாம் விட பெரிசா எனக்கு வலிக்கிறது வேற, வேலை மேல எனக்கு இருந்த பிடிப்பு போச்சு. அப்ப எல்லாரும் "பாத்து இரும்மா, ஆபீஸ்னா அப்படித்தான்"னு சொன்னாங்களே தவிர என்னத்த பாக்கணும், எப்படி இருக்கணும்னு ஒருத்தர் கூட வாயத் திறந்து சொல்லல. புதுசா குரூப் 4 பாஸ் பண்ணி உள்ள வர்ற பசங்களுக்காவது தெரியட்டும்னுதான் எழுதறேன். டிபார்ட்மென்ட் பேரு, ஆளுங்க பேரு எதுவும் போடல. வடசென்னையில ஜனங்க மனுவோட வரிசையில நிக்கிற ஒரு கவர்மென்ட் ஆபீஸ், அது போதும்.

நான் ஜூனியர் அசிஸ்டென்டா சேர்ந்தவ. பவானிசாகர் ட்ரெயினிங், டிபார்ட்மென்ட் டெஸ்ட் எல்லாத்தையும் காலத்துல முடிச்சுட்டேன். வீடு காலடிப்பேட்டைல. அப்பா போனப்புறம் எங்கம்மா ஒரு சர்டிபிகேட்டுக்காக என்னையும் கூட்டிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அதனால கவுண்டருக்கு அந்தப்பக்கம் நிக்கிறவங்கள "நாளைக்கு வாங்க"ன்னு அனுப்ப எனக்கு மனசே வராது. 5.45க்கு ஆபீஸ் முடிஞ்சாலும் மறுநாள் கையெழுத்துக்குப் போக வேண்டிய ஃபைல முடிச்சு வச்சுட்டுத்தான் கிளம்புவேன், வீட்டுக்கு வர எட்டு ஆகும். பழைய ஆபீசர் இத கவனிச்சு முக்கியமான சீட்ட, அதாவது அந்த வேலைப் பிரிவ, எங்கிட்ட குடுத்தாரு, ஏதாவது சந்தேகம்னா சூப்பிரண்ட கூப்பிடாம நேரா என்னையே கூப்பிட்டுக் கேப்பாரு. பிரச்சனைக்கு விதை அங்கதான் விழுந்துச்சு, எனக்கு அப்ப தெரியாது.

ஆபீஸ் பாலிடிக்ஸ்னா கட்சி அரசியல்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. உள்ள இருக்கிற கணக்கே வேற. டைரக்டா பரீட்சை எழுதி வந்தவங்க ஒரு பக்கம், கருணை அடிப்படைல வந்தவங்களும் கீழ இருந்து ப்ரமோஷன்ல வந்தவங்களும் இன்னொரு பக்கம், அதுக்குள்ள சங்கம் வேற வேற, அதுக்குள்ள ஊரு, ஜாதி, யாரு யாரோட டீ குடிக்கப் போறாங்கன்ற வரைக்கும் பிரிவு இருக்கும். சீனியருங்கள நான் குறை சொல்ல மாட்டேன். 2003 ஸ்ட்ரைக் அப்ப ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேருக்கு மேல வேலைய விட்டுத் தூக்குனத கண்ணால பாத்தவங்க அவங்க, அப்புறம் கோர்ட்டுக்குப் போயி திரும்ப உள்ள வந்தாலும் அந்த பயம் போகல. தனியா நின்னா காலி, ஒரு கூட்டத்தோட இருந்தாத்தான் பாதுகாப்புன்னு அவங்க மனசுல பதிஞ்சுடுச்சு. எந்தக் கூட்டத்துலயும் சேராம வேலைய மட்டும் பாக்குறவங்க அவங்களுக்குப் புரியாத ஆளு. புரியலன்னா சந்தேகம்தான். பழைய ஆபீசர் மாறிப்போயி புது ஆபீசர் வந்த முதல் வாரமே "இவங்க அவரோட ஆளு"ன்னு அவர் காதுல போட்டுட்டாங்க. புதுசா வர்ற ஆபீசருக்கு ஆபீஸ்ல யாரையும் தெரியாது, முதல்ல ரூமுக்குள்ள போயி உக்காந்து பேசுறவங்க சொல்றதுதான் அவருக்கு ஆபீஸ். நான் என் ஃபைலே கதின்னு வெளிய உக்காந்திருந்தேன்.

யாரும் வந்து சண்டை போட மாட்டாங்க, திட்ட மாட்டாங்க, "நல்லா இருக்கியாம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் எல்லாம் நடக்கும். முதல்ல சீட்ட மாத்துனாங்க. மத்தியானம் ஆர்டர், சாயந்திரத்துக்குள்ள புது சீட்ல சார்ஜ், அதாவது பொறுப்பு, எடுக்கணும். அந்த சீட்ல இருந்தவரு மெடிக்கல் லீவ்ல போயிட்டாரு, ஒப்படைக்க ஆள் இல்ல, பீரோவத் திறந்தா பேட் கட்டின ஃபைலும் கட்டாத காகிதமும் கீழ சரிஞ்சு விழுது, நம்பர் இருக்கிற ஃபைல் எது இல்லாதது எதுன்னே தெரியல. இந்த இடத்துல நிறுத்தி ஒன்னு சொல்லிடறேன், இந்தக் கட்டுரைல வேற எத மறந்தாலும் இத மறக்காதீங்க. சார்ஜ் லிஸ்ட், அதாவது அந்த சீட்டுல என்னென்ன ஃபைல் இருக்குன்னு ஒப்படைக்கிற பட்டியல், இல்லாம எந்த சீட்டையும் எடுக்காதீங்க. ஒப்படைக்க ஆள் இல்லன்னா தன்பதிவேட்ட (அந்த சீட்டுக்கு வந்த காகிதமெல்லாம் நம்பரோட ஏறுற ரிஜிஸ்டர்) கையில வச்சுக்கிட்டு சூப்பிரண்டு முன்னாடி ஒவ்வொரு நம்பரா ஃபைல் இருக்கா இல்லையான்னு பாத்து லிஸ்ட் போடுங்க, இல்லாத நம்பர தனியா எழுதுங்க, அவர்கிட்ட கையெழுத்து கேளுங்க. போட மாட்டேன்னு சொன்னா அன்னிக்கே ஆபீசருக்கு ஒரு குறிப்பு எழுதி ஆபீஸ் தபால் பிரிவுல குடுத்து நம்பர் வாங்கிடுங்க. நான் அன்னிக்கு ராத்திரி வரைக்கும் உக்காந்து லிஸ்ட் போட்டேன், சூப்பிரண்டு "அப்புறம் பாக்கலாம்மா"ன்னு கிளம்பிட்டாரு, மறுநாள் காலைல அந்த லிஸ்ட்ட ஒரு கவரிங் லெட்டரோட தபால்ல போட்டேன். அந்த ஒத்தைக் காகிதம்தான் பின்னாடி என் வேலையக் காப்பாத்துச்சு.

என் பழைய சீட்டுக்கு வந்தவருக்கு அந்த வேலை தெரியாது, கத்துக்கவும் அவருக்கு அவசியம் இல்ல, அவர் சரியான கூட்டத்துல இருந்தாரு. காசிமேட்டுல இருந்து மீன் விக்கிற அம்மா ஒருத்தங்க, அவங்க மனுவ நான்தான் வாங்கி விசாரணை ரிப்போர்ட் வரைக்கும் கொண்டு வந்திருந்தேன், உத்தரவுக்கு குறிப்பு எழுதுறது மட்டும்தான் பாக்கி. சீட்டு மாறுனதும் அது அப்படியே நின்னுடுச்சு. அவங்க வருவாங்க, கூடைய எதிர் கடைல வச்சுட்டு, கை நல்லாக் கழுவியிருந்தும் மீன் வாசம் தெரிஞ்சுடுமோன்னு முந்தானையால கைய மூடிக்கிட்டு கவுண்டர்ல இருந்து ஒரு அடி தள்ளியே நிப்பாங்க. புது ஆளு "கூடுதல் விவரம் கேட்டிருக்கு"ன்னு திருப்பி அனுப்புவாரு. என்ன விவரம்னு அவருக்கே தெரியாது. ஒரு நாள் அவங்க நேரா என் டேபிளுக்கு வந்து, "இன்னாமா, நீதான வாங்கின, நீயே முடிச்சுக் குடேன்"ன்னாங்க. நான் சீட்டு மாத்திட்டாங்கம்மா, என்னால அந்த ஃபைலத் தொட முடியாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியவே பாத்துட்டு, "உங்களுக்குள்ள சண்ட போல. முடிஞ்சப்புறம் சொல்லி வுடு தாயி, அப்ப வரேன்"னு போயிட்டாங்க. கோவமே இல்லாம சொன்னாங்க. மெமோ வாங்குன அன்னிக்குக் கூட நான் அழல, அன்னிக்கு பாத்ரூம்ல போயி அழுதேன்.

மெமோ வந்தது பேனலுக்கு, அதாவது ப்ரமோஷன் லிஸ்ட்டுக்கு, கொஞ்சம் முன்னாடி. இது தற்செயல் இல்ல. ப்ரமோஷன் பேனலுக்குன்னு ஒரு க்ரூஷியல் டேட் உண்டு, அன்னிக்கு யாருக்குத் தகுதி இருக்குன்னுதான் பாப்பாங்க, 17பி சார்ஜ் பாக்கி இருந்தா பேர நிறுத்தி வச்சுட்டு அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க. அதனால யார மேல ஏற விடக்கூடாதோ அவங்களுக்கு அந்த நேரத்துல சார்ஜ் குடுத்தா போதும், தண்டனையே வேணாம், விசாரணை இழுக்கிறதே தண்டனை. எனக்கு வந்த குற்றச்சாட்டு, ஆடிட்ல கேட்ட ஒரு பழைய ஃபைல் காணோம், அத நான் தொலைச்சுட்டேன், கடமைல அலட்சியம்னு. அந்த ஃபைல் நான் அந்த சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சு டி.டிஸ் ஆகி ரெக்கார்ட் ரூமுக்குப் போனது. டி.டிஸ்னா பத்து வருஷம் வச்சிருக்க வேண்டிய ஃபைல். புதுசா வர்றவங்களுக்கு ஒரு விஷயம், 17ஏன்னா சின்ன தண்டனைக்கானது, எழுத்துல விளக்கம் கேட்டு முடிச்சுடலாம். 17பின்னா வேலைய விட்டு எடுக்கிற வரைக்கும் போகலாம், அதனால குற்றச்சாட்டு, சாட்சி, ஆவணம் எல்லாம் குடுத்து விசாரணை அதிகாரி போட்டு முறையா விசாரிக்கணும். ஆனா விசாரணைக்கு முந்தின வெறும் பேச்சையும் பூர்வாங்க விசாரணையையும் காட்டி ப்ரமோஷன நிறுத்த முடியாது, சார்ஜ் மெமோ கொடுத்தாத்தான் நிறுத்தலாம்னு 1991லயே ஜானகிராமன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. பேனல் நேரத்துல மெமோ அவசர அவசரமா வர்றதுக்குக் காரணம் இதுதான்.

மெமோவ நீட்டுனப்ப பக்கத்து சீட்டு அக்கா, வாங்காதடி, லீவ் போட்டுட்டு ஓடுன்னு காதுல சொன்னாங்க. அப்படிப் பண்ணாதீங்க. வாங்கலன்னா வீட்டுக் கதவுல ஒட்டிட்டு குடுத்ததா எழுதிக்குவாங்க, அத வச்சே ஒழுங்கீனம்னு இன்னொரு சார்ஜ் வரும். வாங்குங்க, தேதியும் நேரமும் போட்டு கையெழுத்துப் போடுங்க, ஏன்னா விளக்கம் குடுக்குற நாள் அந்தத் தேதில இருந்துதான் ஓடும். அன்னிக்கே பதில் எழுத உக்காராதீங்க, கோவத்துல எழுதுற பதில்தான் அவங்களுக்கு வேணும். "குற்றச்சாட்டுக்கு ஆதாரமா காட்டியிருக்க ஆவணங்கள பாக்க அனுமதியும் நகலும் வேணும், அது வரைக்கும் அவகாசம் வேணும்"னு மட்டும் எழுதிக் குடுங்க. பதில்ல யாரையும் குத்தம் சொல்லாதீங்க, யாரு யாரு கூட்டு சேர்ந்தாங்கன்னு எழுதாதீங்க, அது உண்மையாவே இருந்தாலும் நிரூபிக்கிற பாரம் உங்க தலைல விழும். ஃபைல் நம்பர், தேதி, ரிஜிஸ்டர் பக்கம், இதோட நிறுத்துங்க.

நம்ம ஆபீஸ் முறை வெள்ளைக்காரன் காலத்து டாட்டன்ஹாம் முறை, எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க, ஆனா அதுல ஒரு காகிதம் எங்க போனாலும் எங்கயாவது ஒரு ரிஜிஸ்டர்ல தடம் விட்டுட்டுத்தான் போகும். என் தன்பதிவேட்டுல அந்த ஃபைல் நம்பர் வரவே இல்ல. ரெக்கார்ட் ரூம்ல இருந்த ஆபீஸ் அசிஸ்டென்ட் அண்ணன், ரிட்டயர்மென்ட்டுக்கு கொஞ்ச நாள்தான் இருந்துச்சு அவருக்கு, யாரும் இல்லாத நேரத்துல வந்து "இஸ்யூ ரிஜிஸ்டரக் கேளும்மா, வாயால கேக்காத, எழுதிக் கேளு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ரெக்கார்ட் ரூம்ல இருந்து யாரு எந்த ஃபைல எடுத்தாங்கன்னு எழுதுற நோட்டு அது. எழுதிக் கேட்டேன், பதில் இல்ல. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐல கேட்டேன், ஸ்டாஃபா இருந்தாலும் நம்மளும் குடிமக்கள்தான, கேக்கலாம். முப்பது நாள் கணக்கு தாண்டி, அப்பீல் போட்டப்புறம் ரிஜிஸ்டர் வெளிய வந்துச்சு. கரையான் ஓரமெல்லாம் தின்ன நோட்டு, நூல் பிரிஞ்சு தொங்குது, நடுப் பக்கத்துல அந்த ஃபைல் நம்பரு, எடுத்துட்டுப் போன தேதி, பக்கத்துல நீல பேனால ஒரு இனிஷியல். நான் அந்த சீட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி தேதி. திருப்பிக் குடுத்த கட்டம் காலி. அந்த இனிஷியல் யாருதுன்னு ஆபீஸ்ல எல்லாருக்குமே தெரியும். விசாரணைல அந்தப் பக்கத்தோட நகலையும் நான் முதல் நாளே தபால்ல போட்ட லிஸ்ட்டையும் மட்டும் வச்சேன், அது யாரோட இனிஷியல்னு நான் சொல்லல, விசாரணை அதிகாரியே கேட்டுக்கட்டும்னு விட்டுட்டேன்.

விசாரணை நடக்குது நடக்குதுன்னு இழுத்தாங்க. நடுவுல ஒரு தூது வந்துச்சு, "17ஏவா மாத்திடறோம், ஒரு சென்ஷர் வாங்கிக்கோ, இதோட முடிஞ்சுது"ன்னு. வீட்டுக்காரரு கூட ஒத்துக்கோன்னாரு, அவரு கஷ்டம் அவருக்கு, பசங்க ஃபீஸ் கட்டணும், நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தா அவரால பாக்க முடியல. நான் ஒத்துக்கல. சென்ஷர்னா கண்டனம், சின்னதுன்னு சொல்வாங்க, ஆனா அது பணிப்பதிவேட்டுல ஏறும், அடுத்த பேனல் பாக்குறப்ப அதையும் எடுத்து வச்சுப் பேசுவாங்க. பண்ணாத தப்புக்கு ஒத்துக்கிட்டா அப்புறம் அதே ஆளு எத்தன தடவ வேணா பண்ணுவான். வளையல மின்ட் தெருவுல அடகு வச்சு 35,000 ரூபா வக்கீலுக்குக் குடுத்து ஹைகோர்ட்ல ரிட் மனு போட்டேன். நம்ம மாநிலத்துல தீர்ப்பாயத்த மூடிட்டதால சர்வீஸ் கேஸுன்னா பாரீஸ் கார்னர் ஹைகோர்ட்டுக்குத்தான் போயாகணும். சார்ஜ ரத்து பண்ணுன்னு கேட்டா சுலபத்துல கிடைக்காது, விசாரணைய இத்தன நாளுக்குள்ள முடிக்கச் சொல்லுன்னு கேட்டா நடக்க வாய்ப்பு அதிகம்னு வக்கீல் சொன்னாரு, அப்படியேதான் கேட்டோம், கோர்ட்டும் காலக்கெடு போட்டுச்சு, அதுக்கப்புறம்தான் ஃபைல் நகர்ந்துச்சு. விசாரணை ரிப்போர்ட் நகல நமக்குக் குடுத்து அதுமேல நம்ம பதில வாங்காம முடிவு எடுக்கக் கூடாது, 1993 கருணாகர் வழக்குல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொன்னது, அதையும் கேட்டு வாங்குங்க.

இந்த ரெண்டு வருஷத்துல ஆபீஸ் எப்படி மாறிப்போச்சுன்னு சொல்லணும், ஏன்னா பாதிக்கப்பட்டது நான் மட்டும் இல்ல. எனக்கு நடந்தத எல்லாரும் பாத்தாங்க. பாத்துட்டு ஒரு பாடம் எடுத்துக்கிட்டாங்க. ஃபைல முடிக்கிறவங்க பேருதான் ஃபைல்ல இருக்கும், தப்பு வந்தா அவங்கதான் மாட்டுவாங்க, தொடாதவங்களுக்கு மெமோவே வராது. முன்னாடியெல்லாம் குறிப்புல விதி என்ன, மனுதாரருக்குத் தகுதி இருக்கா, என்ன பண்ணலாம்னு எழுதுன பசங்க "உத்தரவுக்காக சமர்ப்பிக்கப்படுகிறது"ன்னு ஒத்த வரி எழுத ஆரம்பிச்சாங்க. மேல போன ஃபைல் "பேசவும்"னு எழுதி திரும்பி வரும். யாரும் போயி பேச மாட்டாங்க. திரும்ப மேல போகும், திரும்ப வரும். எங்கூட சேர்ந்த துடியான பையன் ஒருத்தன், கம்ப்யூட்டர்ல எந்த வேலை குடுத்தாலும் முடிப்பான், அவன் ஒரு நாள் "எனக்கு எக்செல் தெரியும்னு யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா"ன்னு கெஞ்சுனான். அவன சோம்பேறின்னு சொல்ல எனக்கு மனசு வரல. கவர்மென்ட் ஸ்டாஃப் வேலை செய்ய மாட்டாங்கன்னு வெளிய பேசுறப்ப எனக்கு ஆத்திரமா வரும், வேலை செய்யணும்னு வந்தவங்கள செய்யாதவங்களா மாத்துறதுக்கு உள்ள ஒரு ஏற்பாடே இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. நானும் 5.45 ஆனா பேக எடுக்க ஆரம்பிச்சேன். அந்த நேரத்துக்கு தேரடில இறங்கி வடிவுடையம்மன் கோயில்ல போயி உக்காந்துட்டு வீட்டுக்குப் போவேன்.

இன்னும் சிலது, வரிசையில்லாம சொல்றேன். ஆபீசரோ சூப்பிரண்டோ வாயால ஒன்னு சொன்னா பண்ணுங்க, ஆனா குறிப்புல "தாங்கள் நேரில் அறிவுறுத்தியபடி"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் பண்ணுங்க, தப்பான விஷயம்னா அந்த வரிய எழுதப் போறீங்கன்னு தெரிஞ்சாலே அவங்களே வேணாம்னுடுவாங்க. உங்களுக்கு வந்த மெமோ, நீங்க குடுத்த பதில், லீவ் லெட்டர், எல்லாத்துக்கும் தபால் நம்பரோட நகல் வீட்டுல இருக்கணும், ஆபீஸ் ஃபைல மட்டும் வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. பணிப்பதிவேட்ட வருஷத்துக்கு ஒரு தடவ கேட்டுப் பாருங்க. எம்எல்ஏ, கவுன்சிலர் சிபாரிசுக்குப் போகாதீங்க, வெளி செல்வாக்கு கொண்டு வர்றது 1973 நடத்தை விதிப்படியே தப்பு, அந்த லெட்டரே ஃபைல்ல ஏறி உங்களுக்கு எதிரா நிக்கும். வாட்ஸப் குரூப்ல ஒரு வார்த்தை கூட போடாதீங்க. மனசு தாங்காம நீண்ட மெடிக்கல் லீவ் போடத் தோணும், மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவாங்க, நீங்க இல்லாத நாள்ல உங்க சீட்டுல என்னென்னமோ நடக்கும், முடிஞ்ச வரைக்கும் உக்காந்து சமாளிங்க. ஆனா உடம்புக்கு நிஜமாவே முடியலன்னா போங்க, ஸ்டான்லி ஆஸ்பத்திரில மனநல டாக்டர்கிட்ட நான் போனேன், அதுல ஒரு வெக்கமும் இல்ல. சங்கத்துக்குப் போங்க, துணைக்கு ஆள் வேணும், ஆனா பதில உங்க கையாலயே எழுதுங்க.

2024ல ஆர்டர் வந்துச்சு, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படலன்னு. எனக்குக் கீழ இருந்தவங்கல்லாம் அசிஸ்டென்ட் ஆகி ஆர்டர் போட்டுக்கிட்டு இருந்தாங்க. என் பேர பழைய பேனல்லயே சேர்த்து ப்ரமோஷன் குடுத்தாங்க, சீனியாரிட்டி திரும்ப வந்துச்சு, ஆனா நோஷனல்னு போட்டுட்டாங்க, அதாவது கணக்குல மட்டும் உண்டு, போன ரெண்டு வருஷத்துக்கு அரியர்ஸ் கிடையாது, நான் புது சீட்டுல சேர்ந்த நாள்ல இருந்துதான் காசு. அந்த ஃபைல எடுத்தவங்க மேல இன்னி வரைக்கும் ஒரு மெமோ கூட இல்ல. நான் வேற ஆபீசுக்கு மாறிட்டேன். ஆர்டர் கைக்கு வந்தா சந்தோஷத்துல மடிச்சு பேக்ல வச்சுடாதீங்க, "கைவிடப்படுகிறது"ன்னு இருக்கா "நிரூபிக்கப்படவில்லை"ன்னு இருக்கா, பணப்பலன் பத்தி என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிங்க. முழுசா குற்றமற்றவர்னு ஆனவங்களுக்கு, வேலை செய்யத் தயாரா இருந்தும் அதிகாரிங்களே தடுத்திருந்தா, வேலை செய்யலன்னா சம்பளம் இல்லைன்ற பேச்ச சாதாரணமா எடுத்துட்டு வர முடியாதுன்னு அதே ஜானகிராமன் தீர்ப்புல இருக்கு. அத மேற்கோள் காட்டி நான் அரியர்ஸ் கேட்டு மனு குடுத்திருக்கேன், தபால் நம்பர் வாங்கிட்டேன், பதில் இன்னும் வரல, வரலன்னா திரும்ப ரிட்டுதான். காசிமேட்டு அம்மா ஃபைல் என்னாச்சுன்னு பழைய ஆபீஸ்ல இருக்க பையன்கிட்ட கேட்டேன், புதுசா வந்த பொண்ணு ஒன்னு எடுத்து முடிச்சுக் குடுத்துடுச்சாம். அந்தப் பொண்ணுகிட்ட சார்ஜ் லிஸ்ட் வாங்குனியான்னு கேக்கச் சொல்லியிருக்கேன்.